முக்கால் அங்குலப் பயணி

கல்முனையில் புகையிரத நிலையம் இல்லை. சாய்ந்தமருதிலும் இல்லை, நிந்தவூரிலும் இல்லை, அக்கரைப்பற்றிலும் இல்லை. 1928இல் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. அதற்காக இந்தக் கரையோரத்து ஆட்கள் கோச்சியில் ஏறாமல் இருந்துவிடவில்லை. பஸ் பிடித்து நாற்பது கிலோமீற்றர் வடக்கே போய், 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தைத் தாண்டி, மட்டக்களப்பு நிலையத்தில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு இரவு மெயிலுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். கச்சேரி அலுவலுக்குப் போனவர், கொழும்புக் கடையில் வேலைக்குப் போனவர், ஸாஹிராக் கல்லூரியில் படிக்கப் போன பொடியன், பெரியாஸ்பத்திரிக்கு உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர் எல்லோரும் அதில் அடக்கம்.

அந்தப் பயணிகளில் ஒருவரை முக்கால் அங்குல உயரத்தில் செய்து, ஒரு மாதிரி ரயில் பெட்டிக்குள் உட்கார வைக்க வேண்டுமென்றால் எங்கே போவது? சின்னப் பிள்ளைகளின் கேள்வி போலத் தெரியும். ஆனால் உலகமெங்கும் மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் இதற்காக மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். பெட்டி 1955ஆம் ஆண்டுடையது என்றால் உள்ளே இருப்பவரின் சேர்ட்டும் தொப்பியும் கையிலிருக்கும் குடையும் 1955ஆம் ஆண்டுடையதாக இருக்க வேண்டும். வெறும் பெட்டியை எந்த ஆண்டுக்கும் சொல்லித் தப்பலாம். ஒரு ஆளை ஏற்றிய உடனே அதற்கு வயது வந்துவிடுகிறது.

இந்தக் குட்டிப் பயணியின் பூர்வீகத்தை ஒரே ஊரில் காட்ட முடியாது. ஜெர்மன் பொம்மைப் பட்டறைகளில் ஈயத்தில் வார்த்த ஆட்கள் முன்பே உண்டு. கடையில் ஒரு தொகுதியாக வாங்கக் கிடைத்த ரயில் பயணிகளில் பேர் எடுத்தவர்கள் லிவர்பூல்காரர்கள். மெக்கானோ என்ற துளைத்தகட்டு விளையாட்டைக் கண்டுபிடித்த ஃபிராங் ஹோர்ன்பி 1920இல் பொம்மை ரயில் விற்கத் தொடங்கினார். ரயில் விற்ற பிறகு நிலையம் வேண்டும், நிலையம் வந்த பிறகு ஆள் வேண்டும். 1931இல் அவருடைய கம்பெனி ஈயக் கலவையில் வார்த்த சிறு உருவங்களைப் பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு விட்டது. முதலாம் இலக்கப் பெட்டியில் நிலைய ஊழியர். மூன்றாம் இலக்கத்தில் பயணிகள்: பிள்ளையோடு ஒரு தாய், ஒரு வியாபாரி, முதுகுப் பையோடு மலையேறக் கிளம்பிய ஆணும் பெண்ணும், பத்திரிகை விற்கும் பையன், இன்னொரு பெண். ஆறு பேர்தான். அந்த ஆறு பேரைப் பார்த்தாலே 1930களின் இங்கிலாந்து தெரிந்துவிடும். வாரக் கடைசியில் முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் மோகம் அங்கே தலைக்கேறியிருந்த காலம் அது. காலப் பொருத்தம் பார்த்து அவர்களை யாரும் செய்யவில்லை. அன்றைக்குத் தெருவில் கண்டதைச் செய்தார்கள். இன்று அது சாட்சியாகிவிட்டது. அந்த வரிசையில் பின்னால் சேர்ந்த மோட்டார் வாகனங்கள்தான் 1934இல் ‘டிங்கி டோய்ஸ்’ என்ற பெயரெடுத்து எங்கள் வாப்பாமாரின் காலம் வரை வந்தன.

அந்த ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தவர்கள். மேடையில் நிற்கத்தான் சரி, பெட்டிக்குள் ஏற முடியாது. அந்தக் காலத்து மலிவுத் தகரப் பெட்டிகளில் ஜன்னலில் பயணியின் முகத்தையே வர்ணத்தில் அச்சடித்துவிடுவார்கள். எந்த நிலையத்திலும் இறங்காத பயணி அவர். ரயில்கள் சிறுத்து, ஜன்னலுக்குக் கண்ணாடி போலத் தெளிந்த தகடு வந்து, உள்ளே ஆசனம் வைக்கத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்த ஆளுக்குத் தேவை வந்தது.

அந்தத் தேவையைத் தீர்த்தவர் பவுல் பிரைசர். போர் முடிந்து நான்கு ஆண்டுகளில், 1949இல், ஜெர்மனியின் ரோத்தன்பூர்க் பக்கத்தில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றுவரை குட்டி மனிதர்களையே தொழிலாகச் செய்கிறது. காவலர், கன்னியாஸ்திரி, சர்க்கஸ்காரர், கல்யாணக் கூட்டம் என்று ஒரு நகரத்தையே அவர்களுடைய பட்டியலில் பார்க்கலாம். உட்கார்ந்த பயணிகள் தனிப் பொதியாக வருவார்கள். பிரித்தானியாவில் எயர்ஃபிக்ஸ் கம்பெனியும் 1959 முதல் மெதுமையான பிளாஸ்டிக்கில் ஆட்களை விற்றது. விலை மலிவு, ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் வர்ணம் ஒட்டாது. காலை வளைத்தால் கோட்டு உரிந்து விழும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் உண்மையின் 87இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். பிரித்தானியர் அதே தண்டவாளத்தில் 76இல் ஒரு பங்கான ரயிலை ஓட்டுகிறார்கள். அவர்களுடைய எஞ்சின்கள் ஒடுக்கம், அன்றைய மோட்டார் உள்ளே அடங்கவில்லை என்பதால் வந்த வினை அது. ஆகவே பொதியில் இருப்பது எந்த அளவு என்று பார்க்காமல் வாங்கினால் தகப்பனை விட மகன் பெரிய ஆளாகிவிடுவான். இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள ஒருவர் தண்டவாளங்களுக்கு நடுவே குறுக்காகப் படுத்தால் தலையும் காலும் சரியாக முட்டும். இதை 87ஆல் வகுத்தால் ஆளும் பத்தொன்பதரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கீழே, தண்டவாளமும் அதே அளவு. கடையில் கிடைக்கும் தண்டவாளமோ பதினாறரை. மட்டக்களப்புப் பாதையை மாதிரியாகக் கட்ட நினைப்பவருக்கு முதல் தலையிடி இதுதான். பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பதினாறரையிலேயே ஓட்டிவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. மூன்று மில்லிமீற்றரை மன்னிக்கலாம், உடுப்பை மன்னிக்க முடியாது.

எஞ்சினுக்குக் கூட வழி இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் இலங்கைக்குத் தந்த டீசல் எஞ்சின்கள், ‘ஒன்டாரியோ’, ‘அல்பர்ட்டா’ என்று கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கியவை, ஜெனரல் மோட்டர்ஸின் ஜி-12 வகை. அதே வகையைப் பிரேசிலும் வாங்கியது. பிரேசிலின் ஃபிராட்டெஸ்கி என்ற மாதிரி ரயில் கம்பெனி அதைச் சிறிதாகச் செய்து விற்கிறது. பெட்டியின் ஆசனத்தையும் ஜன்னலையும் அளந்து பார்க்க வேண்டுமென்றால் 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறந்த புகையிரத அருங்காட்சியகத்துக்குப் போகலாம். எஞ்சின் பிரேசிலில் கிடைக்கும், பெட்டி கடுகண்ணாவையில் கிடைக்கும். கல்முனைப் பயணி எந்தப் பொதியிலும் கிடைக்கமாட்டார்.

இணையக் கடையில் நூறு பேர் அடங்கிய ஒரு பையை வாங்கிப் பாருங்கள். சீனாவில் அச்சுக் குத்தி, அவசரத்தில் வர்ணம் தடவி அனுப்பியவர்கள். எல்லோரும் காற்சட்டை போட்டிருப்பார்கள். பெண்கள் முழங்கால் வரை கவுண். தலையில் ஒன்றும் இராது, இருந்தால் வெள்ளைக்காரனின் விளிம்புத் தொப்பி. கைகள் எல்லோருக்கும் மடியில். ஏனென்றால் அச்சு இரண்டு பாதி. உருகிய பிளாஸ்டிக் இறுகியதும் இரண்டு பாதியும் நேரே விலக வேண்டும். கக்கத்தில் இடுக்கிய குடையோ, தோளிலிருந்து தொங்கும் முந்தானையோ இருந்தால் அச்சு விலகும்போது பிய்ந்துவிடும். சேலை உடுத்த பெண்ணும் சாரன் உடுத்த ஆணும் அந்தப் பைக்குள் வராததற்குச் சந்தை ஒரு காரணம், அச்சின் இந்தச் சுபாவம் இன்னொரு காரணம்.

ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? பிரைசரின் பட்டியலில் உடுப்பே இல்லாத, வர்ணமும் பூசாத ஆண் பெண் உருவத் தொகுதி ஒன்று உண்டு. அவரவர் விருப்பப்படி உடுத்திக்கொள்ளட்டும் என்று செய்தது. அதற்கு ‘ஆதாமும் ஏவாளும்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு உடுப்புப் போட ஆதம் நபியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வரும்.

சாரன் கட்டுவது இலேசு. டிஷ்யூத் தாளின் ஒரே படையைப் பிரித்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, அதில் நனைத்து இடுப்பில் சுற்ற வேண்டும். காய்ந்ததும் துணியைப் போலவே மடிப்பு நிற்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரனின் கட்டம் ஒரு அங்குல அகலம் என்று வைத்தால் இந்த அளவில் அது ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. அதை வரையப் போனால் கறைதான் மிஞ்சும். கட்டத்தை விட்டுவிட்டு, நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறத்தைப் பூசி, குறுக்கே இரண்டே இரண்டு வெளிர்க் கோடு இழுத்தால் போதும், பார்ப்பவரின் கண் மிச்சத்தை நெய்துகொள்ளும். இடுப்பில் அகலமான பெல்ட் மறக்கக் கூடாது. அது இல்லாத சாரன் இந்தக் கரையோரத்துச் சாரன் அல்ல.

தலைதான் கடினம், காலத்தைச் சொல்வதும் தலைதான். 1928இல் முதல் மெயிலில் ஏறிய படித்த முஸ்லிம் பயணிக்குச் சிவப்புத் துருக்கித் தொப்பி வைக்கலாம். அந்தத் தொப்பி இங்கே வந்து நிலைத்த கதையே ஒரு தனிப் பயணம். பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தளபதி ஒராபி பாஷா 1883இல் கைதியாக இலங்கைக்கு வந்து 1901 வரை இங்கே இருந்தார். அவரைப் பார்த்துத்தான் கொழும்புச் சோனகரிடையே குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி மரியாதையின் அடையாளமாகப் பரவியது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குள் போனபோது பிரதம நீதியரசர் லெயார்ட் அதை ஏற்கவில்லை. தொப்பியைக் கழற்ற அவரும் உடன்படவில்லை. அந்த ஆண்டுக் கடைசியில் மருதானையில் பெருங்கூட்டம் கூடியது, பிறகு அனுமதி வந்தது. ஒரு தொப்பிக்காக நாடே பேசிய பிறகு அதை யார் கழற்றுவார்கள்?

இந்த அளவில் அந்தத் தொப்பியின் உயரம் ஒன்றரை மில்லிமீற்றர். மின்கம்பியின் சிவப்பு உறையை பிளேட்டால் நறுக்கினால் உருளை கிடைக்கும், ஆனால் மேல்பக்கம் சற்று ஒடுங்க வேண்டும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுதிரிச் சூட்டில் இழுத்தால் தானாகவே ஒடுங்கும்; ஒடுங்கின இடத்தில் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். குஞ்சத்துக்குக் கறுப்புத் தையல் நூலின் ஒரே இழை. நிறத்துக்குப் பொம்மைக் கடை வர்ணம் தேவையில்லை, ராத்தாவின் மங்கின சிவப்புக் கியூட்டெக்ஸ் ஒரு சொட்டுப் போதும்.

எல்லோர் தலையிலும் அதை வைத்துவிட்டால் பிழை. வட்டைக்குள் இறங்கி வேலை செய்தவன் தலையில் லேஞ்சியோ துண்டோ கட்டியிருப்பான், அல்லது சாதாரணத் துணித் தொப்பி. 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, யுத்த காலத்து உணவு உற்பத்தியை நடத்தி, பிறகு ஸாஹிராவின் அதிபரான ஏ.எம்.ஏ. அஸீஸ் போன்ற உத்தியோகத்தர் ஏறும் வகுப்பு வேறு, உடுப்பு வேறு. முதலாம் வகுப்பில் கோட்டும் காற்சட்டையும், மூன்றாம் வகுப்பு மரவாங்கில் சாரனும் சால்வையும். வாங்குக்கு வாங்கு உடுப்பு மாறாவிட்டால் அது இலங்கை ரயில் இல்லை.

பெண்களின் விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘கல்முனை முஸ்லிம் பெண்’ என்று சொன்னால் இன்றைய தலைமுறை கறுப்பு அபாயாவைத்தான் நினைக்கிறது. 1955ஆம் ஆண்டுப் பெட்டிக்குள் கறுப்பு அபாயா இருந்தால் அந்தப் பெட்டி பொய் சொல்கிறது. அன்றைய பெண் சேலை உடுத்து, முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்து முக்காடு போட்டிருப்பாள். சேலையில் நிறம் இருக்கும். அபாயா இங்கே பரவலானது வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வருவது பெருகிய 1980களுக்குப் பிறகு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தவர், 2008இல் இந்தப் பகுதியைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டவர். அவர் அந்நாளில் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் இதில் வாதாடமாட்டார்கள்.

அதன் பிறகு காலம் வேகமாக ஓடுகிறது. 1970களின் ருமேனியப் பெட்டியில் அகலக் கால் காற்சட்டைப் பொடியன்கள், உதயதேவிக் கோச்சியின் ஜன்னலோரத்தில் ரேடியோவை மடியில் வைத்தவர். 1980களின் பெட்டியில் விமான நிலையத்துக்குப் போகும் பெண்ணும் அவளை வழியனுப்பப் போகும் குடும்பமும். 2019 ஏப்ரல் கடைசியில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரைக்குத் தடை வந்தது. ஆகவே அந்த ஆண்டின் மே மாதப் பெட்டியில் நிகாப் இருக்க முடியாது. 2021ஆம் ஆண்டு என்றால் எல்லா முகத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் போதும், முகக்கவசம் வந்துவிடும்.

போர்க் காலத்துக்கு என்ன செய்வது? மட்டக்களப்பு வரைக்கும் கோச்சி வராத ஆண்டுகள் இருந்தன. 1990க்குப் பிறகு கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தரைவழியாகப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தது. அந்த ஆண்டுகளின் மாதிரிப் பெட்டிக்கு எங்கள் ஊர்ப் பயணிகளின் சரியான எண்ணிக்கை பூச்சியம். அதைக் கட்டுகிறவர் ஆளே வைக்காமல் விட்டால் அதுவும் காலப் பொருத்தம்தான்.

உடுத்தி முடித்த பயணியை ஏற்றும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கும். மாதிரிப் பெட்டிகளின் தரைக்குக் கீழே பாரத்துக்கு இரும்புத் தகடு வைப்பதால் தரை உயர்ந்துவிடும். ஆசனத்துக்கும் தரைக்கும் இடையே காலுக்கு இடம் இராது. பழகியவர்கள் யோசிக்காமல் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். சிலர் இடுப்போடு வெட்டி ஆசனத்தில் ஒட்டிவிடுவார்கள், ஜன்னலில் தெரிவது அவ்வளவுதானே. பாடுபட்டுக் கட்டிய சாரன் இப்படிக் கத்திக்கு இரையாகும்போது மனம் கேட்காது. அதனால் சாரன்காரரை வாசலோரத்தில் நிறுத்திவிடுவது என் யோசனை. இலங்கை ரயிலில் கதவு திறந்தே இருக்கும், மிதிபலகையில் ஆள் தொங்காத காலம் எதுவும் இல்லை. வடை, கடலைக் கூடையோடு ஒருவரை நடைபாதையில் விட்டால் அவரும் எந்தப் பத்தாண்டுக்கும் பொருந்துவார்.

பெட்டியை நிரப்பிவிடவும் கூடாது. ஈயக் கலவை ஆட்கள் முப்பது பேரை ஒரு பெட்டியில் ஏற்றினால் சின்ன எஞ்சின் ஏற்றத்தில் சறுக்கும். பிளாஸ்டிக் ஆட்கள் என்றால் பாரம் இல்லை, ஆனால் ஒரே ஆள் மூன்று ஜன்னலில் தெரிவார். தலையைத் திருப்பி ஒட்ட வேண்டும், ஒருவரை ஜன்னல் கம்பியில் சாய்த்துத் தூங்க வைக்க வேண்டும். மட்டக்களப்பு மெயிலில் தூக்கத்துக்கு ஒரு விசேஷமும் உண்டு: கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிகிறது. பெட்டிகளைப் பிரித்து அனுப்பிய காலத்தில் மாறிய பெட்டியில் தூங்கியவர் கடலைக் கண்டிருப்பார், ஆனால் வேறு கடல்துறையை. அந்தக் கல்லோயாவுக்கும் எங்கள் அம்பாறைக் கல்லோயாத் திட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை வெளியூர் மாதிரி கட்டுவோருக்கு அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் இப்போது மாடெலு என்ற நிறுவனம் பழைய கால உடுப்புப் போட்ட உண்மையான மனிதர்களையே சுற்றிவர ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றி, முப்பரிமாண அச்சில் குட்டியாக எடுத்துத் தருகிறது. அச்சு விலக வேண்டிய கட்டாயம் இதில் கிடையாது. கக்கத்துக் குடையும் தோள் முந்தானையும் அப்படியே வரும். கல்முனையில் ஒருவருக்குச் சாரன் கட்டி, பெல்ட் போட்டு, சிவப்புத் தொப்பி வைத்து நிறுத்தி இதே போல எடுத்தால் உலகில் எந்தப் பொதியிலும் இல்லாத பயணி கிடைப்பார். கருவி இருக்கிறது. எந்த ஆண்டில் எதை, எப்படி உடுத்தார்கள் என்பதற்கான ஆதாரம்தான் வேண்டும்.

அந்த ஆதாரம் அரசாங்கத்திடம் இல்லை, வீடுகளில் இருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம், அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சியது, மகன் கொழும்புக்குப் படிக்கப் போகும் நாளில் எடுத்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகளோடு சேர்ந்து இப்படிப்பட்ட அல்பங்களும் போயின. மிஞ்சியவை அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன, பெரும்பாலும் பின்பக்கம் ஒரு எழுத்தும் இல்லாமல். படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெருநாளுக்கு அவர்களிடம் போகும்போது படங்களையும் எடுத்துப் போங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.